சுமை தூக்கியவர்கள் ஆசிரியரான மலை

சிலிகுரி முதல் கூம் வரை

சுக்னாவைத் தாண்டியதும் சமவெளி சட்டென்று முடிந்துவிடுகிறது. அதுவரை சாலையோரம் நெடுநெடுவென்று நின்ற சால மரங்கள் பின்தங்கி, அடுத்த வளைவில் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம் என்றாகிவிடுகிறது. 1881-இல் போட்ட இரண்டடி அகல ரயில் பாதை, சாலையை அங்கும் இங்கும் குறுக்கே கடந்தபடி கூடவே ஏறி வருகிறது. கர்சியாங்கில் கடைவாசல்களை உரசிக்கொண்டுதான் தண்டவாளம் போகிறது.

நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது பள்ளிக்கூடம் விட்டிருந்தார்கள். சீருடைப் பிள்ளைகள் கும்பல் கும்பலாக வந்து, சாலையிலிருந்து செங்குத்தாகக் கிளம்பும் கல்படிகளில் தாவி ஏறி மூங்கில் புதருக்குள் மறைந்தார்கள். ஆறேழு வயதுப் பிள்ளைகளோடும் பெரியவர்கள் யாரும் இல்லை. எங்கள் ஊரில் இந்த வயதுக் குழந்தையைத் தெருமுனைக் கடைக்கு அனுப்பவே யோசிக்கிறோம். வேன் வாசலில் ஏற்றி வாசலில் இறக்கிவிடுகிறது. எங்கள் தலைமுறையில் தாய்மாமன் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் தூக்கிப்போட்டு நீச்சல் பழக்குவார். அந்தக் கிணறுகள் இப்போது தூர்ந்துவிட்டன, இல்லாவிட்டால் கம்பிவலைக்குள் கிடக்கின்றன.

கூம் 7,407 அடி உயரத்தில் இருக்கிறது. ஊட்டியும் ஏறத்தாழ இதே உயரம்தான். ஊட்டியில் நின்றால் மலையின் உச்சிக்கே வந்துவிட்டதாக நமக்குத் தோன்றும். கூமில் நின்றால் மேகத்துக்கு மேலே, வானம் இருக்க வேண்டிய இடத்தில், ஏறத்தாழ நான்கு மடங்கு உயரத்தில் கஞ்சன்ஜங்கா நிற்கிறது. அந்த மலைகளுக்குக் கூம் வாசற்படி மட்டுமே.

இளையவர்களைக் காட்டுக்கும் மலைக்கும் அழைத்துப்போய்ப் பழக்குவதும் கல்விதான் என்று நம்புகிறவன் நான். இந்தியாவில் அந்தக் கல்வியை முறையாகத் தொடங்கிய இடத்தைப் பார்க்க வேண்டும், அங்கே பயிலும் பிள்ளைகள் நடக்கும் பாதையில் என் கால் ஏறும்வரை நடக்க வேண்டும் என்றுதான் கிளம்பியிருந்தேன்.

டூங் சூங்

டார்ஜிலிங்கின் சௌரஸ்தாவிலிருந்து சரிவில் இறங்கினால் டூங் சூங் என்ற குடியிருப்பு வரும். நேபாளத்தின் சோலு கும்பு பகுதியிலிருந்து பிழைப்பு தேடி வந்த ஷெர்பாக்கள் குடியேறிய இடம் இது. ஒரு வீட்டின் கூரை அடுத்த வீட்டின் முற்றமாக, சரிவெல்லாம் வீடுகள். மாடியில் காயும் துணிகளுக்கு நடுவே பிரார்த்தனைக் கொடிகளும் காற்றில் படபடக்கின்றன.

தேநீர்க் கடையில் ஒரு முதியவர் பேச்சுக்குக் கிடைத்தார். அவருடைய அப்பா, பெரியப்பா, மாமா எல்லோரும் வெள்ளைக்காரர்களின் மலைப் பயணங்களில் சுமை தூக்கியவர்கள். "சாஹிப்கள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும், சான்றுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் வரிசையில் நிற்பார்கள். முந்தைய சாஹிப் நல்லவிதமாக எழுதியிருந்தால் வேலை கிடைக்கும். என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும் அப்பாவுக்குத் தெரியாது" என்றார். உப்பும் வெண்ணெயும் போட்டுக் கடைந்த தேநீரை என் பக்கம் நகர்த்தினார். தேநீர் என்று நினைத்துக் குடித்தால் நம் நாக்கு மறுத்துவிடும். சூப் என்று எண்ணிக்கொண்டதும் உடம்பு அதைக் கேட்டு வாங்கியது.

1935-இல் எரிக் ஷிப்டனின் எவரெஸ்ட் பயணத்துக்கு அப்படித்தான் ஒரு இளைஞரைச் சுமைகூலியாகச் சேர்த்துக்கொண்டார்கள். பெயர் டென்சிங் நோர்கே. இதே டூங் சூங்கில் வாழ்ந்தவர். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1953 மே 29 அன்று எட்மண்ட் ஹிலாரியுடன் எவரெஸ்ட் உச்சியில் நின்றார். இந்தப் பகுதி நமக்குப் பள்ளிப் பாடத்திலேயே தெரியும். அதற்கு அடுத்த ஆண்டு நடந்ததுதான் எனக்கு அதைவிடப் பெரிய செய்தி.

ஜவஹர் பர்வத்

1954 நவம்பர் 4 அன்று டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனம் தொடங்கியது. நேருவும் மேற்கு வங்க முதல்வர் பி.சி.ராயும் முன்னின்று உருவாக்கிய நிறுவனம். முதலில் அது ராய் வில்லா என்ற வீட்டில் இயங்கியது. பாரதி தன் குருவாக ஏற்றுக்கொண்ட நிவேதிதா 1911-இல் இறந்தது அந்த வீட்டில்தான். பிறகு நிறுவனம் இப்போதுள்ள ஜவஹர் பர்வத்துக்கு இடம் மாறியது. செடார் மரங்களும் மூடுபனியும் சூழ்ந்த மேடு. பக்கத்திலேயே பனிச்சிறுத்தையும் சிவப்புப் பாண்டாவும் இனப்பெருக்கம் செய்யும் உயிரியல் பூங்கா.

பயிற்சி நிறுவனத்தின் முதல் முதல்வர் மேஜர் நரேந்திர தர் ஜயால். டேராடூனில் டூன் பள்ளியில் படித்தவர். மாணவர்களைக் கரும்பலகைக்கு முன்னாலிருந்து எழுப்பி மலைக்கு அழைத்துப்போன ஆசிரியர்கள் அங்கே இருந்தார்கள். அந்தப் பள்ளியின் ஆசிரியர் குர்தியால் சிங் 1951-இல் திரிசூல் சிகரத்தில் ஏறினார். பள்ளிக்கூடத்தில் தொற்றிய ஆர்வம்தான் ஜயாலை இங்கே கொண்டுவந்து சேர்த்தது. 1958-இல் சோ ஓயூ மலையில் அவர் உயிர் பிரிந்தது.

களப்பயிற்சி இயக்குநராக டென்சிங்கை நியமித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர், பல மொழிகள் பேசுகிறவர். அவரையும் வேறு சில ஷெர்பாக்களையும் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பி, அர்னால்டு கிளாட்ஹார்டு என்ற மலை வழிகாட்டியிடம் கற்பிக்கும் முறையைப் பயிலவைத்தார்கள். ஏறத் தெரிந்தவருக்கும் கற்றுக்கொடுக்கத் தெரிய வேண்டும் என்று அப்போதே உணர்ந்திருக்கிறார்கள். ராணுவ அதிகாரிகளும் கல்லூரி மாணவர்களும் அந்தச் சுமைகூலியின் முன்னால் மாணவர்களாக நின்றார்கள். ஆயிரம் டென்சிங்குகளை உருவாக்கித் தாருங்கள் என்று நேரு கேட்டுக்கொண்டதாக இங்கே இன்றும் சொல்கிறார்கள். 1976 வரை டென்சிங் அந்தப் பொறுப்பில் இருந்தார். 1986-இல் இறந்தபோது அவர் உடலை எரியூட்டியதும் இந்த வளாகத்தில்தான்.

அருங்காட்சியகத்தில் அவருடைய உடைகளையும் கருவிகளையும் பார்த்துக்கொண்டு நின்றபோது வேல்ஸ் நாட்டின் அபர்டோவி நினைவுக்கு வந்தது. உலகமெங்கும் பரவிய 'அவுட்வர்டு பவுண்டு' பள்ளிகளில் முதலாவது, 1941-இல் அந்தக் கடலோர ஊரில் தொடங்கியது. போரில் கப்பல்கள் மூழ்கியபோது, வயதான மாலுமிகள் பிழைத்து, உடல்வலு மிகுந்த இளையவர்கள் மடிவதாகக் கப்பல் நிறுவன முதலாளி லாரன்ஸ் ஹோல்ட் கருதினார். உடம்பில் வலு இருந்தால் மட்டும் போதாது, பெரியவர்கள் கடலில் பட்டு அறிந்தது பிள்ளைகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று அவர் நினைத்தார். கல்வியாளர் குர்ட் ஹானுடன் சேர்ந்து பள்ளியைத் தொடங்கினார். அபர்டோவியில் மாலுமி, டார்ஜிலிங்கில் சுமைகூலி. உழைத்துப் பெற்ற அறிவைப் பாடமாக்கியதில்தான் இரண்டு இடங்களும் வென்றிருக்கின்றன.

டென்சிங் பாறை

லெபாங் சாலையோரம் நிற்கும் பெரிய பாறைக்கு டென்சிங் பெயர். எதிரில் நிற்பது, எவரெஸ்டில் இருமுறை ஏறிய முதல் மனிதரான நவாங் கோம்புவின் பெயர் தாங்கிய பாறை. அடிப்படைப் பயிற்சிக்கு வந்தவர்கள் தலைக்கவசமும் இடுப்பில் ஹார்னஸும் மாட்டிக்கொண்டு முறைக்காகக் காத்திருந்தார்கள். கேரளம், மணிப்பூர், மகாராஷ்டிரம் என்று பல முகங்கள். ஆறேழு பேர் கொண்ட குழுவை இங்கே 'ரோப்' என்கிறார்கள். மலையில் ஒரே கயிற்றில் நடக்கப்போகிறவர்கள் சாப்பிடுவதும் தூங்குவதும் பாத்திரம் கழுவுவதும் சேர்ந்துதான்.

ஏறுபவரைத்தான் எல்லோரும் வேடிக்கை பார்ப்பார்கள். பயிற்றுநரின் கண் கீழே நிற்பவர் மேல் இருந்தது. ஏறுபவரின் இடுப்பில் கட்டிய கயிறு மேலே போய்த் திரும்பிக் கீழே இருப்பவரின் கைக்கு வருகிறது. மேலே இருப்பவர் வழுக்கினால் கீழே இருப்பவர்தான் தாங்க வேண்டும். இதை 'பிலே' என்கிறார்கள். கையைக் கயிற்றிலிருந்து ஒரு கணமும் எடுக்கக் கூடாது. ஒரு பையன் மூக்கைத் துடைக்கக் கையை எடுத்துவிட்டான். பயிற்றுநர் குரலை உயர்த்தவில்லை. ஏறிக்கொண்டிருந்தவளைக் கீழே இறக்கச் சொன்னார். இருவரையும் எதிரெதிரே நிற்கவைத்து, "இவள் அம்மாவுக்கு நீ என்ன பதில் சொல்வாய்?" என்று கேட்டார். அதன்பிறகு அந்தப் பையனின் பிடி பயிற்சி முடியும்வரை தளரவே இல்லை.

பாறையின் அடியில் முடிச்சுப் போட்டுப் பழகிக்கொண்டிருந்த ஒரு பெண், நான் கைப்பேசியில் தமிழில் பேசுவதைக் கேட்டு ஓடி வந்தாள். தூத்துக்குடிப் பக்கம், கல்லூரி இரண்டாம் ஆண்டு, தேசிய மாணவர் படை மூலம் வந்திருக்கிறாள்.

"பயமா இல்லையாம்மா?"

"முதல் நாள் இருந்துச்சு சார். இப்பவும் இருக்கு. ஆனா எதுக்குப் பயப்படணும்னு இப்ப தெரியுது. முடிச்சைச் சரிபார்த்தாச்சுன்னா பாறையைப் பார்த்துப் பயமில்ல. முடிச்சைப் பார்க்காம யாராவது ஏறினா அப்பதான் பயம்."

கொஞ்சம் தயங்கிவிட்டு, "எங்க தாத்தா பனையேறி சார். இடுப்புல ஒரு கயிறு, கால்ல ஒரு தளைநார், அவ்வளவுதான். காலையிலயும் சாயங்காலமும் ஏறுவாங்க. ஆனா எங்க யாரையும் மரத்துல கை வைக்க விட்டதில்ல. இந்தத் தொழிலு என்னோட போகட்டும்பாங்க. இங்க சார் பாறையில காலை வைக்கச் சொல்லிக்குடுத்தப்ப தாத்தா ஏறுறதுதான் கண்ணு முன்னால வந்துச்சு" என்றாள்.

அவள் போன பிறகும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. பனையேறிகளை இந்தச் சமூகம் எப்படி நடத்தியது என்பதை அறிந்தவர்களுக்கு அந்தத் தாத்தாவின் மனம் புரியும். தான் பட்ட அவமானம் பேரப்பிள்ளைகளுக்கு வேண்டாம் என்றுதான் அவர் நினைத்தார். இங்கே கற்றுக்கொடுக்கும் ஷெர்பாவும் ஒரு காலத்தில் கூலியின் மகன்தான். இன்று அவரைப் பிள்ளைகள் 'சார்' என்று அழைக்கிறார்கள். அந்தத் தாத்தாவை அப்படி அழைக்க நம் ஊரில் இன்னும் ஓர் இடம் இல்லை.

யுக்சம்

டார்ஜிலிங்கிலிருந்து இறங்கி, ரங்கீத் ஆற்றைத் தொட்டு, ஜோரேதாங் வழியாக மறுபடி மலையேறினால் மேற்கு சிக்கிமின் யுக்சம். சிக்கிமின் முதல் மன்னருக்கு 1642-இல் முடிசூட்டியதாகச் சொல்லும் கல் இருக்கை, நோர்புகாங்கில் ஒரு முதிய மரத்தடியில் இருக்கிறது. ஊர் இதோடு முடிந்து காடு தொடங்குகிறது. அந்தக் காட்டையும் மேலுள்ள பனிமலைகளையும் சேர்த்து 2016-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது.

தங்கிய வீட்டு தீதி (அக்கா) என்னை 'பாய்' என்று தம்பி முறை வைத்துக் கூப்பிட்டார். சோறு, பருப்பு, அவர்கள் 'இஸ்குஸ்' என்று சொல்லும் நம் சௌசௌக் கொடியின் தளிர்ப் பொரியல். புளிக்கவைத்துக் காயவைத்த கீரையில் செய்த குந்த்ருக் ரசம் ஒருவிதப் புளிப்போடு தொண்டையில் இறங்கியது. உருண்டையாகச் சிவந்த டல்லே மிளகாய் ஊறுகாயை நான் தொட்டுக்கொண்டதைப் பார்த்து, "தெற்கத்திக்காரர்கள் மட்டும்தான் இதற்குக் கலங்குவதில்லை" என்று சிரித்தார்.

அவருடைய மகன் மலைப்பாதையில் வழிகாட்டி. காட்டுக்குள் கொண்டுபோகும் பிளாஸ்டிக்கைக் கணக்கெழுதி, திரும்பும்போது சரிபார்க்கும் வழக்கத்தை ஊர்க்காரர்களே இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். காட்டில் விறகு எரிக்கக் கூடாது. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கும் இதே சட்டம்தான். "டார்ஜிலிங்கில் கயிறு கற்றுக்கொள்கிறார்கள். யுக்சமில் குப்பை கற்றுக்கொள்கிறார்கள்" என்றான் அவன்.

சோக்கா

யுக்சமிலிருந்து பாதை பிரேக் சூ ஆற்றின் பள்ளத்தாக்கை ஒட்டியே போகிறது. தொங்குபாலங்களில் நடக்கும்போது கீழே வெண்ணுரை. பாசி போர்த்திய ஓக் மரங்களில் ஆர்க்கிட் செடிகள். மணியோசை கேட்டால் மலைப்பக்கமாக ஒதுங்கி நிற்க வேண்டும். சுமையேற்றிய ஜோக்கள் வருகின்றன. யாக்கும் மாடும் கலந்த இந்த விலங்குக்கு வழிவிடும்போது பள்ளத்தின் பக்கம் நின்றால் இடித்துத் தள்ளிவிடும்.

வழியிலுள்ள பாக்கிமுக்கு மேலே ஏற்றம் மூச்சை வாங்கியது. அங்கேதான் பயிற்சிப் பிள்ளைகள் என்னைக் கடந்தார்கள். தோளில் கனத்த ரக்சாக். முன்னால் நடந்தவர் பயிற்றுநர் அல்லர், குழுவிலேயே மெதுவாக நடக்கும் பெண். அவள் வேகம்தான் எல்லோருடைய வேகமும். வலுத்தவன் முன்னால் போய்விட்டுக் காத்திருக்கும் பழக்கம் இங்கே இல்லை. நம் பள்ளிகளில் முதலில் வருபவருக்குத்தான் பரிசு. கடைசியில் வருபவரை முன்னால் நிறுத்தும் பாடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சோக்கா பத்தாயிரம் அடி உயரம். திபெத்திய அகதிகள் குடியேறிய சிறு ஊர், இப்போது சில வீடுகளே மிச்சம். மேலே போகும் சரிவு முழுக்க ரோடோடெண்ட்ரான் பூத்திருந்தது. சிவப்பு, வெளிர் ரோஜா, இன்னும் மேலே போனால் வெண்மஞ்சள். உருளைக்கிழங்கும் துக்பாவும் தின்றுவிட்டு, மரப்பலகை அறையில் பயிற்றுநரிடம் பேசிக்கொண்டிருந்தேன். நான் 'தாஜு' என்று அண்ணன் முறையில் அழைத்தேன். அவருடைய தாத்தா சுமை தூக்கியவர், அப்பா மலை வழிகாட்டி.

"பிள்ளைகள் உச்சிக்குப் போக வேண்டும் என்று வருகிறார்கள். 28 நாள் முடிந்து போகும்போது, திரும்பி வரத் தெரிந்திருந்தால் எனக்குப் போதும்" என்றார்.

சோங்ரி

பேதாங்கைத் தாண்டி, மரங்கள் குட்டையாகி, பிறகு இல்லாமலே போய், புல்வெளியும் ஜூனிப்பர் புதரும் மட்டும் மிஞ்சும் பதின்மூவாயிரம் அடி மேட்டில் சோங்ரி. கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ அறுபது விழுக்காடுதான் இங்கே ஒரு மூச்சுக்குக் கிடைக்கிறது. உடம்பு இதற்குப் பழக நாள் எடுக்கும். பழகுமுன் ஏறினால் தலைவலி, குமட்டல், அதையும் மீறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்து.

அந்தச் சாயங்காலம் ஒரு பையன் தானாக வந்து தலைவலிக்கிறது, வாந்தியும் வருகிறது என்றான். தாஜு அவனை ஒரு கோட்டின் மேல் குதிகாலும் விரலும் தொடும்படி அடியெடுத்து நடக்கவைத்துப் பார்த்தார். தடுமாறவில்லை. வாந்தி மட்டும் நிற்கவில்லை. உதவியாளர் ஒருவரோடு சோக்காவுக்கு இறக்கி அனுப்பினார். பையனின் முகம் வாடியது. தாஜு மற்றவர்களைக் கூட்டிவைத்து, "நேரத்தில் சொன்னானே, இவன்தான் நல்ல மலையேறி. மறைத்தவனை மலை மன்னிக்காது" என்றார். பிள்ளைகள் கைதட்டி அவனை வழியனுப்பினார்கள்.

விடியற்காலையில் மேட்டில் ஏறியபோது கஞ்சன்ஜங்கா, கப்ரு, பாண்டிம் மூன்றும் ஒரே வரிசையில் வெளிச்சத்தில் நின்றன. கஞ்சன்ஜங்காவில் முதன்முதல் ஏறிய ஜோ பிரவுனும் ஜார்ஜ் பாண்டும் 1955 மே 25 அன்று உச்சிக்குச் சில அடிகள் முன்னாலேயே நின்றுவிட்டார்கள். சிக்கிம் மக்களுக்கு அது தெய்வம் உறையும் மலை, உச்சியை மிதிப்பதில்லை என்று மன்னருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். உலகின் மூன்றாவது உயரமான இடம் எட்டும் தூரத்தில் இருக்க, கொடுத்த வாக்கே பெரிது என்று நின்றவர்கள் அவர்கள். பிள்ளைகள் சௌரிகாங் தள முகாமுக்குப் பனியாற்றுப் பயிற்சிக்காகக் கிளம்பினார்கள். தூத்துக்குடிப் பெண் தன் ரோப்பின் நடுவில் நடந்துகொண்டே கையசைத்தாள். என் வழி இறக்கத்தில் இருந்தது.

இறங்கும்போது மனம் முழுக்கக் குரங்கணி. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்தின் அந்த மலையில் மலையேற்றம் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்தார்கள். பெரும்பாலும் இளையவர்கள். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து, மலை என்றாலே வேண்டாம் என்று சொல்லும் பெற்றோரை நிறையப் பார்த்துவிட்டேன். அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் தடுத்து வைப்பதால் பிள்ளைக்குக் காடு பழகாது. காட்டை அறிந்தவர் கையைப் பிடித்துக்கொண்டு போனால்தான் பழகும். தமிழ்நாடு அரசு 2024-இல் நாற்பது மலைப்பாதைகளைத் திறந்து, அந்தந்த மலைகளில் வாழும் பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாகப் பழக்கியிருப்பது நல்ல தொடக்கம். அதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன்.

இன்னும் ஓரடி எடுத்து வைக்க வேண்டும். நீலகிரியின் செங்குத்துப் பாறைகளில் கொடியேணி கட்டி இறங்கித் தேன் எடுக்கும் குறும்பர்கள் இருக்கிறார்கள். மன்னார் வளைகுடாவில் சங்கு குளிப்பவர்களும், மூச்சடக்கிப் பாசி எடுக்கும் பெண்களும் இருக்கிறார்கள். காற்றைப் பார்த்தே கடலைச் சொல்லும் கட்டுமரக்காரர்களும், தளைநாரில் வானம் ஏறும் பனையேறிகளும் இருக்கிறார்கள். இவர்களில் யாரும் இன்று நம் பள்ளிக்கூடத்துக்குள் ஆசிரியராக வர முடியாது. டார்ஜிலிங்கில் 1954-இல் செய்ததை நாமும் செய்யலாம். இவர்களுக்குக் கற்பிக்கும் முறையில் பயிற்சி தந்து, ஊதியமும் பதவியும் கொடுத்து, நம் பிள்ளைகளை அவர்களிடம் ஒப்படைக்கலாம். கரை தெரியும் தூரத்தில் ஒரு வாரக் கடல் பள்ளி, கல்வராயன் மலையில் ஒரு வாரக் காட்டுப் பள்ளி, தேரிக்காட்டில் ஒரு பனைப் பள்ளி என்று சிறிதாகத் தொடங்கினால் போதும். பாதுகாப்புக் கருவிகள் வேண்டும், மருத்துவ உதவி வேண்டும், ஒரு பயிற்றுநருக்கு ஆறேழு பிள்ளைகளுக்கு மேல் கூடாது என்ற கண்டிப்பு வேண்டும். இவையெல்லாம் நம் நாட்டிலேயே எழுபது ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கும் ஏற்பாடுகள்.

அப்படி ஒரு பள்ளி வந்தால் பிள்ளைகளுக்குத் துணிவும் நிதானமும் கிடைக்கும். கூடவே, தன் தொழில் தன்னோடு போகட்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு தாத்தா, பேத்தியின் இடுப்பில் தன் கையால் கயிற்றைக் கட்டி, முடிச்சைச் சரிபார்த்து, ஏறச் சொல்வார்.